குழாயை ஆட்டாதீங்க, டாக்டர்

ஆஸ்பத்திரியில் புது டாக்டர் யார் என்று ஒருவரும் கைகாட்ட வேண்டியதில்லை. டீக்கடைக்கும் கழுத்தில் ஸ்டெத்தோடு வருபவர் அவர்தான். வெள்ளைக் கோட்டுப் பையைத் துழாவினால் நான்கு பேனா, ஒரு டார்ச், முட்டியைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல், மருந்தளவுகளைப் பொடி எழுத்தில் குறித்த குட்டி நோட்டு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கிடைக்கும். சாயங்காலத்துக்குள் மூன்று பேனா போய்விடும். ஒன்று சீஃப் கையெழுத்துப் போட வாங்கியது, ஒன்று சிஸ்டர் மேசையில், ஒன்று விபத்துக் கேஸ் எழுத வந்த ஏட்டையாவின் சட்டைப் பையில். கையெழுத்து இன்னும் எல்லாருக்கும் புரிகிறது என்பது கூடுதல் அடையாளம்; மருந்துக்கடைக்காரர் சந்தேகப்படும் அளவுக்குத் தெளிவாக எழுதுவார். நோயாளியைவிட அதிகமாக வியர்த்திருப்பார். கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி இவரை ஏற இறங்கப் பார்த்து, "எய்யா, பெரிய டாக்டர் எப்பம் வருவாவ?" என்று கேட்பாள். பெண் என்றால் இன்னும் மோசம். "இந்தப் பாப்பாவா டாக்டரு?" என்ற கேள்வி அவர் காதுபடவே வரும்.

தென்காசியில் இந்த இனத்துக்கு மூன்று கிளைகள் உண்டு. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து மாவட்டம் பிரிந்தபோது கலெக்டர் ஆபீஸ் வந்தது. ஆனால் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலேயே தங்கிவிட்டது. ஆகவே ஹவுஸ் சர்ஜன் வருடத்தை எங்கோ முடித்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி டாக்டராகச் சேருபவர் ஒருவர். அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வெழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர் இன்னொருவர். பி.ஜி. படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தே ஆக வேண்டும் என்று 2020-இல் வந்த விதிப்படி பெட்டியோடு வந்து இறங்குபவர் மூன்றாமவர். மூவருக்கும் பொதுவான சொத்து பயம். ஊர் சிரிப்பதும் அந்தப் பயத்தைப் பார்த்துத்தான். என் கட்சி கொஞ்சம் வேறு. இவரிடம் இருக்கும் சாமான்களிலேயே உருப்படியானது அந்தப் பயம்தான். கோளாறு அதன் அளவில் இல்லை, அது போய் உட்காரும் இடத்தில். ஒரு டாக்டர் வளர்வது என்பது பயம் விட்டுப்போவதல்ல, எந்தக் கட்டிலைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கற்றுக்கொள்வது.

தொடக்கத்தில் அந்தப் பயம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படும். நாலரை வருடம் படித்த புத்தகத்தில் அரிய நோய்க்கும் அன்றாட நோய்க்கும் ஒரே அளவு எழுத்துத்தான். பரீட்சையிலோ அரியதற்கே மரியாதை அதிகம். அதனால் தலைவலி என்று வந்தவர் மூளைக் கட்டியோடு வந்தவராகத் தெரிவார். ஆலங்குளம் பக்கத்திலிருந்து கழுத்துவலி, கைமரப்பு என்று ஒரு அம்மா வந்தால் முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. வரை எண்ணம் ஓடும். பக்கத்தில் நிற்கும் சிஸ்டர், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மடியில தட்டு இருக்கும்மா?" என்று கேட்டதும், பீடி சுற்றும் குனிந்த கழுத்து பதிலாக வந்து நிற்கும். புத்தகத்தில் நரம்புகளின் வரைபடம் இருந்தது, பீடித் தட்டு இல்லை. நோய்களைப் படித்துவிட்டு வருகிறவருக்கு, எந்த நோய் எந்த ஊரில் எத்தனை தடவை வரும் என்பதை அந்த ஊர்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தென்காசியில் அந்தப் பாடம் உச்சமாக நடப்பது குற்றால சீசனில். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலாக விழத் தொடங்கியதும், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் ஆட்களால் நிரம்பும். ஈரப் பாதம், அடியில் பாசி பிடித்த பாறை. இந்த இரண்டும் சந்தித்தால் மூன்றாவதாக வருவது காஷுவால்டி. மண்டையில் அடிபட்டவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு, ஈர வேட்டியும் துண்டுமாகப் பத்துப் பேர் உள்ளே நுழைவார்கள். உச்சந்தலைத் தோல் ரத்தக்குழாய் நிறைந்தது, சின்ன வெட்டுக்கே முகமெல்லாம் சிவக்கும். நண்பர்களில் ஒருவர் அழுவார், ஒருவர் வீடியோ எடுப்பார், ஒருவர் தனக்கு ஒரு எம்.எல்.ஏ.வைத் தெரியும் என்பார். புது டாக்டர் அங்கேதான் ஓடுவார், வேறு எங்கே ஓட முடியும்? அடிபட்டவரோ தையல் போடும்போதே, சாயங்காலம் இன்னொரு தடவை குளிக்கலாமா என்று கேட்பார். அதே நேரத்தில் சுவரோரத்து பெஞ்சில், ராத்திரி வீட்டுத் தரையில் படுத்திருந்த ஒரு விவசாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூக்கம் வருகிறது என்பார். அவருக்கு இமை சரிவது தூக்கத்தாலா, கட்டுவிரியனாலா என்பதுதான் அந்த அறையின் ஒரே அவசரக் கேள்வி. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல்பதிவு பெரும்பாலும் தெரியாது, வீக்கம் இராது, வலியும் பெரிதாக இராது. முதலில் வயிறு வலிக்கும், பிறகு இமை தாழும், கடைசியில் மூச்சுக்கான தசைகள் ஓயும். கூச்சல் போட்டு ஆள் கூட்டும் நோய்கள் பாதி ஆபத்தைத் தாங்களே குறைத்துவிடுகின்றன, யாராவது ஓடிவந்துவிடுவதால்.

பாம்புக்கடியில்தான் புது டாக்டரின் முழுக் குணமும் வெளிப்படும். சோதனை எளியது. இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் நிறுத்திவைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்பு போட்டுக் கழுவியதும் ஆகாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பியில் தொடங்கும். சோதனையில் கஷ்டமான பகுதி 'தொடாமல்' என்பது. நான்காவது நிமிடத்தில் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்குவார். ஏழாவது நிமிடத்தில் லேசாகச் சாய்ப்பார், சும்மா பார்க்க. ஒன்பதாவது நிமிடத்தில் சிஸ்டர், "டாக்டர், குழாயை ஆட்டாதீங்க" என்பார், தொட்டில் குழந்தைக்குக் காவல் இருப்பவர் குரலில். 20 நிமிடம் சும்மா இருப்பது எப்படி என்று எந்தப் பேராசிரியரும் வகுப்பெடுத்ததில்லை. ரத்தம் உறைந்துவிட்டால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் பற்றிய கவலை அப்போதைக்குத் தணியும். ஆனால் நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன், நல்ல பாம்பு பற்றி அந்தக் குழாய் ஒரு வார்த்தை சொல்லாது. அதற்கு இமையைத்தான் பார்க்க வேண்டும். கேரள எல்லை தாண்டி மலைத் தோட்டங்களில் இருக்கும் குழிவிரியன் கடித்திருந்தால், நான்கு பாம்புக்காகச் செய்த அந்த மருந்து வேலையே செய்யாது. குழாயைச் சாய்த்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுபவர் புதியவர், சாய்த்த பிறகும் ஒரு முறை போய் இமையைப் பார்ப்பவர் கொஞ்சம் தேறியவர். இருவருக்கும் பயம் ஒரே அளவுதான்.

இப்படிப் பயப்பட்டுப் பயப்பட்டே டெஸ்ட் செலவை ஏற்றிவிடுகிறார்கள், பழைய டாக்டர் நாடியைப் பிடித்தே சொல்லிவிடுவாரே என்று ஒரு வாதம் உண்டு. கைராசியில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் ஒரு கை பார்த்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று நள்ளிரவில் வரும் சர்க்கரை நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். "வாய்வுதான் டாக்டரே, ஒரு ஊசி போட்டா ஏப்பம் வந்திரும்" என்று நோயையும் சிகிச்சையையும் அவரே சொல்லிவிடுவார். கூட வந்தவர்களும் ஆமோதிப்பார்கள். பரோட்டா எத்தனை என்ற கணக்கே போதிய சாட்சி. பயந்த டாக்டர் மட்டும் ஈ.சி.ஜி. எடுப்பார். சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனவருக்கு மாரடைப்பு வலி இல்லாமலே வரலாம் என்பதை அவர் மறக்கவில்லை, மறக்க நாள் ஆகவில்லை. பத்தில் பல தடவை அது வாய்வாகவே இருந்துவிடும், ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உண்ணிக் காய்ச்சலிலும் இதுவே கதை. காய்ச்சல் என்று வந்தவரின் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கரிந்த சிறு புண் ஒன்று இருந்தால் விலை மலிந்த டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே காரியம் முடியும். ஓபியில் 200 பேர் பார்க்கும் பழைய கைக்குச் சட்டையைக் கழற்றச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. புதியவர் கூச்சத்தோடு சொல்லுவார், தேடுவார். 2012-இல் கடையநல்லூரில் டெங்கு பரவியபோது அன்றைய திருநெல்வேலி மாவட்டம் முழுக்கக் கற்ற பாடமும் இந்த வகைதான்: காய்ச்சல் இறங்கி, வீட்டார் முகம் மலர்ந்து, டிஸ்சார்ஜ் கேட்கும் அந்த நாளில்தான் ரத்த அழுத்தம் சரியக் காத்திருக்கும்.

கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. பயம் இவ்வளவு நல்லதென்றால் புதியவர்கள் வரும் நாளில் ஆஸ்பத்திரி அதிகப் பாதுகாப்பாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கிலாந்தில் புது டாக்டர்கள் எல்லாரும் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை ஒன்றாக வேலைக்குச் சேருகிறார்கள். அன்று அவசரமாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு, முந்தைய புதனில் சேர்ந்தவர்களைவிடச் சுமார் 6 சதவீதம் கூடுதல் என்று 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. உண்மைதான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்த நாடு அதற்குச் செய்த வைத்தியம், பயப்படாதவர்களைத் தேடிப் பிடித்ததல்ல. 2012 முதல் புதியவர்கள் வேலை ஏற்கும் முன் சில நாள் பழையவர்களின் பின்னாலேயே நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பயம் வெறும் நடுக்கம். நம் ஊரில் கேட்க இருக்கும் ஆள் பெரும்பாலும் சிஸ்டர்தான். அவர் பாணியே தனி. "இந்த மருந்து வேண்டாம்" என்று சொல்லவே மாட்டார். "வழக்கமா சீஃப் இதுக்குப் பாதி டோஸ்தான் போடுவாவ. எழுதிரட்டா டாக்டர்?" என்பார். கையெழுத்து டாக்டருடையது, அறிவு சிஸ்டருடையது. சம்பளச் சீட்டில் இந்தப் பாடத்துக்குத் தனிப் பத்தி கிடையாது.

பயத்தைத் தவறான கட்டிலுக்குத் திருப்புபவை வேறு. ஒன்று, நோயாளிக்காகப் பயப்பட வேண்டியவர் கூட்டத்துக்குப் பயப்படுவது. ஆஸ்பத்திரித் தாக்குதலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் சட்டம் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு வாசலில் நிற்கும் இருபது பேரின் கையில் அதன் பிரதி இருப்பதில்லை. தென்காசியில் பார்க்கக்கூடிய கேஸையும் 50 கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் ஏற்றி ஹைகிரவுண்டுக்கு எழுதிவிடும் சீட்டுகளில் சில, நோயைப் பார்த்து எழுதியவையல்ல. இன்னொன்று தூக்கம். பயிற்சி மருத்துவர்களுக்கு நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1992-லேயே மத்திய அரசு எழுதிவைத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று கருணையோடு பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு வருடத்தில் காகிதத்திலேயே 26 மணி நேரம் வளர்ந்திருக்கிறது. முப்பது மணி நேரமாக விழித்திருப்பவரிடம், எதிரே இருப்பவரின் இமை சரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

எப்படியோ ஒரு வருடம் ஓடும். பேனா ஒன்றாகிவிடும், கையெழுத்துக் கெட்டுவிடும். ஈரத் துண்டுக் கூட்டத்தைக் கையமர்த்திவிட்டு நேரே சுவரோரத்து பெஞ்சுக்குப் போகப் பழகியிருப்பார். பாட்டியே பக்கத்துக் கட்டில்காரியிடம், "இவுகதான் பெரிய டாக்டர்" என்று சொல்லத் தொடங்கியிருப்பாள். சரியாக அந்த நேரத்தில் நீட் பி.ஜி. நுழைவுத்தேர்வு வந்து நிற்கும். பீடித் தட்டையும் பரோட்டாவையும் ஒதுக்கிவைத்துவிட்டு, தென்காசிக்கு நூறு வருடத்தில் ஒரு முறைகூட வராத நோய்களின் பெயர்களை மறுபடி மனப்பாடம் செய்ய உட்காருவார். 200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. அந்த எண்ணூறில் ஒன்றில்கூட 'சிஸ்டரைக் கேட்கலாம்' என்று இருக்காது.