திருப்பிப் போட்ட சட்டை

"ஒரு ஜாக்கெட் வாங்கியிருக்கேன்" என்று பெரியமேட்டிலிருந்து வீட்டுக்கு போன் செய்தேன்.

"என் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. குரலில் இருபது வருஷமாகக் கேட்காத ஒரு குழைவு.

எனக்குத்தான் என்று விளக்கியதும் குழைவு போய்விட்டது. தோல் ஜாக்கெட் என்றதும் மௌனம். விலையைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. தமிழில் இந்த உடுப்புக்கு வேறு பெயர் இல்லாததால் விளைந்த முதல் சேதம் அது.

நான் தோல் வாங்கப் போகவே இல்லை. சென்ட்ரலில் ஒருவரை ரயிலேற்றிவிட்டு நேரம் போகாமல் பெரியமேட்டுப் பக்கம் நடந்தேன். தோல் வாசனை வரும் தெரு. ஒரு கடையில் ஏற்றுமதியில் மிஞ்சியது என்று தொங்கவிட்டிருந்தார்கள். டிகிரி காபி நிறம். பெயர் ஸ்வேட் என்றார் கடைக்காரர். சும்மா தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான். பட்டுப்புடவையைத் தடவிய பெண்களைக் கடையிலிருந்து கிளப்பவே முடியாது என்று ஊரெல்லாம் கேலி பேசிய வாய் என்னுடையது. இப்போது கை ஜாக்கெட்டில் இருந்தது, வாய் திறக்கவில்லை. இயக்குநர் கர்ணன் எடுத்த கௌபாய் படங்களில் ஜெய்சங்கர் குதிரை ஏறியதைப் பார்த்து வளர்ந்தவனுக்குள் என்றோ விழுந்த விதை அன்று முளைத்திருக்க வேண்டும். யாரோ ஐரோப்பியனுக்கு வெட்டிய கை எனக்கு இரண்டு அங்குலம் நீளம். மடித்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏன்டா, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே?"

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எவ்வளவு அறியாமை என்பது, வாணியம்பாடிச் சித்தப்பா வந்தபோதுதான் தெரிந்தது. டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். ஆளை விட்டுவிட்டு ஜாக்கெட்டின் ஓரத்தைப் பிடித்தார். கட்டைவிரலால் மடித்து, விட்டு, திரும்ப மடித்து, "ஆட்டுத் தோல். ஏமாறலை" என்றார். நான் வாங்கிய சான்றிதழ்களில் இதுதான் உயர்ந்தது.

"அண்ணி கேட்டது சரிதான்டா. தோலுக்கு ரெண்டு பக்கம். மயிர் இருந்த பக்கம் கிரெயின். உன் ஷூவில் பளபளன்னு தெரியுதே, அது. சதையோட ஒட்டியிருந்த உள்பக்கத்தை எமரித் தாள் சுத்தின உருளையில் காட்டித் தேய்ச்சா நார் எழுந்து நிக்கும். அதான் ஸ்வேட். ஆடு இதை உள்ளே போட்டிருந்துச்சு. நீ வெளியே போட்டிருக்கே."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத இடம் போதாது.

அன்று ராத்திரிச் சாப்பாடு முழுக்கத் தோல்தான். மாட்டுத் தோல் தடிமன். அதை மெஷினில், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி, கிடையாகச் சீவுவார்களாம். மேல் ஏட்டுக்கு ராஜமரியாதை. அடி ஏட்டுக்குப் பெயர் ஸ்ப்ளிட். அதற்கு முகமே கிடையாது, இரண்டு பக்கமும் சொரசொரப்பு. மலிவான ஸ்வேட் பெரும்பாலும் அதுதான். நார் தளர்ந்திருப்பதால் முழங்கை சீக்கிரம் தொங்கிவிடும். ஆட்டுத் தோல் மெலிசு, சீவ வேண்டியதில்லை. கிரெயின் உள்ளே பத்திரமாக இருக்க, அதன் முதுகுதான் வெளியே தெரிகிறது.

வெளிப்பக்கத்தையே லேசாக உரசினால் அது நூபக். மீசை அரும்பப்போகும் பையனின் மேலுதட்டைப் போல, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான் அதில் ரோமம். நார் நெருக்கமான பக்கம் என்பதால் உறுதி அதிகம், விலையும் அதிகம். இன்னொன்று ரஃப் அவுட்: சீவாத முழுத் தோலை அப்படியே திருப்பி, முரட்டுப் பக்கம் வெளியே தெரியத் தைப்பது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரீன்கள் இந்தத் தோலில் பூட்ஸ் போட்டார்கள். அதற்கு பூண்டாக்கர் என்று பெயர். மலையைக் குறிக்கும், பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. நாம் மலை என்றால் செருப்பையே கழற்றிவிடுகிற ஜாதி.

குடும்பத்தில் உழைக்கப் பிறந்த பிள்ளை ஒன்று இருக்குமே, அதுதான் ஷாமி. ஆல்ப்ஸ் மலை ஆட்டின் பெயர் அது. இப்போது செம்மறித் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்திச் செய்கிறார்கள். தண்ணீரைக் கண்டால் ஸ்வேட் சுருங்கிப்போகும். ஷாமி குடித்துவிட்டு, பிழிந்தால் கக்கிவிட்டு, அடுத்த காரைத் துடைக்கத் தயாராகிவிடும்.

ஸ்வேட் என்பது பிரெஞ்சில் ஸ்வீடன் நாட்டின் பெயர். அங்கிருந்து வந்த மெத்தென்ற கையுறைகளை 'ஸ்வீடன் கையுறை' என்று சொல்லிச் சொல்லி, நாட்டின் பெயர் தோலுக்கு ஒட்டிக்கொண்டது. மைசூருக்கும் பாகுக்கும் நேர்ந்த மாதிரி. நம்மூரில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலை இருந்த இடம் குரோம்பேட்டை ஆயிற்று. அங்கே தோலுக்கு ஊர்ப் பெயர், இங்கே ஊருக்குத் தோல் பெயர். தினமும் மின்சார ரயிலில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு போன எனக்கு இது ஐம்பது வயதில் உறைத்தது.

1991இல் வந்த, 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் ஒன்றில் நாயகன் ஆசைப்பட்டு ஒரு ஸ்வேட் ஜாக்கெட் வாங்குவான். வெளியே பனி கொட்டும். காப்பாற்றுவதற்காகத் திருப்பிப் போட்டுக்கொள்வான். உள்ளே ரோஸ் கோடு போட்ட துணி. தோழியின் அப்பா, இந்தக் கோலத்தில் என்னோடு தெருவில் வராதே என்று முறைப்பார். நேராகப் போட்டுக்கொண்டு நடப்பான். ஜாக்கெட் காலி. உலகத்தில் எல்லாப் பெரியவர்களுக்கும் சட்டையின் எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்பதுதான் கவலை.

சென்னையில் பனிக்கு எங்கே போவது? இங்கே புழுக்கமே போதும். அழுக்குப் படக்கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் கட்டி பீரோவில் வைத்தேன். ஐப்பசி மழை முடிந்து திறந்தால் முதுகில் பச்சையாக ஒரு பூசணம், கிட்டத்தட்ட ஆஸ்திரேலியா வடிவத்தில். "தோல் மூச்சு விடணும்டா, துணிப் பையில் போடு" என்று போனில் கத்தினார் சித்தப்பா. அடுத்தது காலர். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் தடவி வளர்ந்த பிடரி எங்களுடையது; காலர் கறுத்துவிட்டது. எண்ணெயை உறிஞ்ச ஏதாவது பவுடரைப் போட்டு ராத்திரி விடு, காலையில் பிரஷ் பண்ணு என்றார். பவுடர் டப்பா காலி. காலையில் பார்த்தால் காலர் முழுக்க வெள்ளை. அம்மா விபூதி பூசியிருந்தாள். கறையில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி என் நம்பிக்கைக் குறைவாம்.

போட்டுக்கொள்ள வருஷத்தில் எனக்குக் கிடைப்பது மார்கழியில் பத்துப் பன்னிரண்டு நாள். அதுவும் குளிரூட்டிய சபாவுக்குள். ஆட்டோக்காரர் "ஊட்டி பஸ்ஸா சார்?" என்பார். சென்ற மார்கழியில் அப்படி ஒருநாள் கச்சேரிக்குப் போனேன். எனக்குப் பின்வரிசையில் அடிக்கடி களுக்கென்று சிரிப்பு. கேன்டீனில் ஒரு மாமி என்னைக் கடந்துபோய், நின்று, திரும்பிப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார். ஜாக்கெட்டின் மகிமை என்றே நினைத்தேன். சாம்பார் தெறிக்காமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பொங்கல் சாப்பிட்டதில் வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டில் சித்தப்பா வந்திருந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். முதுகில், சுவரில் சுண்ணாம்பால் எழுதியதைப் போல அவ்வளவு தெளிவாக, என் மகள் விரலால் எழுதியிருந்தாள்: அப்பா லூசு.

சித்தப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். 'லூ'வின் வளைவைச் சுண்டுவிரலால் தொடர்ந்துபோனார். பிறகு நிமிர்ந்து, டேனரியில் புதுச் சரக்கை பாஸ் பண்ணுகிற தோரணையில் சொன்னார்:

"ரைட்டிங் எஃபெக்ட் பிரமாதம்டா. நல்ல ஸ்வேட்ல மட்டும்தான் எழுத்து இப்படி நிக்கும்."