அடையும் பெட்டியும்

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது 2013-இல். அதற்கு வெகுகாலம் முன்பு, கிழக்குக் கடற்கரைச் சாலை இத்தனை அகலமாகாத நாட்களில், எங்கள் வீட்டில் அடைவைப்பது ஆயாவின் பொறுப்பு. கோழி முட்டையிடுவதை நிறுத்தி, இறகைச் சிலிர்த்து உறுமிக்கொண்டு மூலையை விட்டு எழ மறுத்தால் அது அடைக்கு வந்துவிட்டது. உடைந்த பானையின் அடிப்பாகத்தில் மணலைக் கொட்டி, நடுவே குழித்து, ஒற்றைப்படையில் முட்டைகளை வைப்பார். இடிச் சத்தத்தில் கரு கலங்காதிருக்க ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய். அவ்வளவுதான். எட்டிப் பார்க்கப் போனால், "அதுக்குத் தெரியும், நீ போ" என்பார்.

இப்போது அதே வீட்டில் தெர்மாகோல் பெட்டி, 40 வாட் பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி, தெர்மோஸ்டாட். வெப்பம் 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, நாளுக்கு மூன்று நான்கு முறையாவது முட்டைகளைத் திருப்ப வேண்டும். ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, சிவப்பு நரம்பு ஓடாத கூமுட்டைகளை எடுத்துவிட வேண்டும். பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்தினால் இருபத்தோராம் நாள் குஞ்சு. ஒரு கோழி தனியாகச் செய்ததை வீட்டில் எல்லோரும் முறைவைத்துச் செய்கிறோம். எகிப்தில் பழைய பொரிப்பு அடுப்புகளில் வேலை செய்தவர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல் முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டைக் கணித்தார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

உள்நாட்டுக்காரர்கள் சொல்லும் முறை கடற்கரைக்கு அப்படியே ஒத்துவராது. பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வை என்பார்கள். பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை ஆவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் மொண்ணை முனையில் காற்றறை போதிய அளவு பெருகும். ஓட்டை உடைக்குமுன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அங்கேதான். எங்கள் காற்றில் ஏற்கெனவே ஈரம். அதற்கு மேல் கிண்ணமும் வைத்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூழ்கிச் சாகும். ஆகவே மழைக்காலத்தில் முதல் பதினெட்டு நாள் வெறும் பெட்டிதான். கடைசி மூன்று நாளுக்கே தண்ணீர்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது மின்சாரம் போயிற்று. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பிப் பெட்டிக்குள் வைத்து, மேலே கம்பளி போர்த்தினோம். முட்டைகள் ஆறத்தான் செய்தன. ஆனால் கருவுக்குக் குளிரைவிடச் சூடுதான் எமன். தாய்க்கோழியும் தினம் ஒருமுறை இரை பொறுக்க எழுந்து போவதுதானே. தாமதமானாலும் குஞ்சுகள் வந்தன.

பெட்டியால் நன்மை உண்டு. அடையில் உட்காராத கோழி மறுபடி விரைவில் முட்டைக்கு வருகிறது. இதற்காகவே அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளிவிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் பண்ணைக்கோழி அடைக்கு உட்காருவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே அந்தக் குணத்தைக் கழித்துவிட்டார்கள். நாட்டுக்கோழியிலும் அடைக்கு வராததையே நாம் விரும்பி வளர்த்தால் அதற்கும் இதே கதிதான். பல்பு குஞ்சுக்குச் சூடு கொடுக்கும். பருந்தின் நிழல் விழுந்ததும் ஒரு குரலில் எல்லாவற்றையும் இறக்கைக்கடியில் ஒளிக்கவும், எருக்குழியைக் கிளறி இரை காட்டவும் தாய் வேண்டும்.

அதனால் பெட்டியில் பொரித்த குஞ்சுகளை இருட்டியபின் அடைக்கோழியின் அடியில் ஒவ்வொன்றாகச் சொருகிவிடுகிறேன். விடியும்போது அவற்றைத் தன்னுடையவையாகவே அழைத்துப் போகிறது. அடைக்கு உட்காரும் அந்தக் கோழிகளின் முட்டைகளையும் குறி போட்டுத் தனியே பொரிக்கிறேன். அவற்றில் வரும் பெட்டைகளை விற்பதில்லை.