சிட்டம் பிடிக்க வந்த தொரை

எங்கள் பக்கத்துப் படவேட்டின் பழைய பெயர் படைவீடு. சம்புவராயர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் படைகொண்டு வந்து அவர்களை அடக்கினான். பிறகு வந்த படை வேறு மாதிரி. 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடி தொடங்கிய அமைதிப் படை அதே ஆண்டில் இந்தியாவுக்கும் வந்தது; பல ஊர்களில் கோழி வளர்க்கச் சொல்லிக் கொடுத்தது; 1976இல் மூட்டை கட்டியது. படை போனாலும் ஆள் வரத்து நிற்கவில்லை. பனிக்காலம் பிறந்தால் முதுகில் மூட்டையோடு யாராவது ஒருவர் எங்கள் பக்கம் வந்து இறங்கிவிடுவார். அவர்தான் வாலண்டியர். ஊர்ப் பாஷையில் 'தொரை'.

அடையாளம் சுலபம். கால்சட்டையில் ஒன்பது பை இருக்கும். ஒன்பதிலும் ஏதாவது மாத்திரை இருக்கும். பாண்டிச்சேரியில் வாங்கிய குர்தா, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி, ரப்பர் பட்டை போட்ட நோட்டு. ரயிலில் வருகிறவர் 'ஆரணி ரோடு' என்ற பலகையைப் பார்த்து ஆரணி வந்துவிட்டது என்று குதிப்பார். அந்த ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். ஆரணிக்கு அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பலகையை நம்பக் கூடாது என்பது அவர் கற்கும் முதல் பாடம்.

ஒரு தடவை வந்த தொரைக்குத் தமிழில் இரண்டு சொல் தெரியும்: 'ரொம்ப நன்றி.' டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டரிடம் அதைச் சொன்னார். கண்டக்டர் திடுக்கிட்டு, மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டோமோ என்று பையைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட்டுக்கு யாரும் எங்கள் பக்கம் நன்றி சொல்வதில்லை.

இவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் தர்மம் ஆகாது. தொரை எங்கே இருந்தாலும் பக்கத்தில் 'கூடப் போற ஆளு' ஒருவன் இருப்பான். அரைகுறை இங்கிலீஷ், அரைநாள் லீவு, டீ செலவு அவருடையது. அந்த ஆள் நான்.

காலை முதல் வேலை படவேட்டு ரேணுகாம்பாள் கோயில். கருவறையில் அம்மனுக்குச் சிரசு மட்டும்தான். ஏன் என்று கேட்டார். அப்பா ஜமதக்னி சொன்னதைக் கேட்டு மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டிய கதையைச் சொன்னேன். தொரைக்கு முகம் வெளுத்தது. அதாவது, ஏற்கெனவே இருந்ததைவிட. "சொந்த அம்மாவையா?" என்றார். நோட்டை எடுத்து 'குடும்ப வன்முறை' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அந்த மகனே வரம் கேட்டுத் தாயை எழுப்பினான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரப்பர் பட்டையைப் போட்டுவிட்டார்.

அடுத்து யோக ராமர். இந்தக் கோயில் ராமரிடம் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமன் ஓலைச்சுவடி படிக்கிறார். "யார் அது?" என்றார் தொரை. "அவரும் என்னைப்போலக் கூடப் போற ஆளுதான்" என்றேன். "அவர் படித்துச் சொல்வதை ராமர் நம்புகிறார்."

அனுமன் ஒழுங்காகப் படித்திருப்பார். என் கதை வேறு. மதியம் ஒண்ணுபுரம் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டில் அது வெளியானது. திண்ணையில் இருந்த ஆயாவிடம் தொரை நோட்டைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சந்திக்கும் மிக முக்கியமான சவால் என்ன?

நான்: "ஆயா, உனக்கு இன்னா கஷ்டம்னு கேக்கறாரு."

ஆயா கால் மணி நேரம் பேசினாள். பட்டு நூல் விலை, ஜரிகை விலை, கூலி, கல்யாண சீசன் முடிந்தால் தறி சும்மா கிடப்பது, பேத்தி செய்யாறு சிப்காட்டுக்கு ஷூ தைக்கப் போவது, விடியற்காலை கம்பெனி பஸ் வந்து நின்று அடிக்கும் ஹாரன், மருமகள், முட்டி வலி. கடைசியில், "அத்த வுடு. இந்தப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆச்சா? இவ்ளோ தூரம் தனியா அனுப்பி வெச்சிருக்காளே, அவங்க அம்மா இன்னா மனுஷி?"

தொரை ஆவலோடு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "முட்டி வலி."

அவர் முகத்தில் ஒரு ஐயம் ஓடியது. கால் மணி நேரத்துக்கு இரண்டே சொல்லா? ஆனாலும் நல்ல மனுஷன், எழுதிக்கொண்டார். அந்தத் தெருவில் ஆறு வீடு ஏறினோம். ஆறிலும் டீ, இரண்டில் கலர், ஒன்றில் களியும் கருவாட்டுக் குழம்பும். வேண்டாம் என்று சொல்லும் தமிழ் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தும் சொல்லித் தரவில்லை. ஏழைகளுக்கு உதவக் கடல் தாண்டி வந்தவருக்காக அன்று அந்தத் தெருவில் அரைக்கிலோ சர்க்கரை செலவு.

செலவு சர்க்கரையோடு நின்றிருக்கலாம். தறியில் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று தொரை கேட்டார். விருந்தாளி, தறிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். அது குழித்தறி. உட்காருவது தரை மட்டத்தில், கால் போவது குழிக்குள். ஐந்தடி ஆளுக்கு வெட்டிய குழியில் ஆறேகால் அடி போனால் என்ன ஆகும்? முட்டி பாவு நூலில் முட்டியது. முட்டியை விடுவிக்க அவர் உதைத்த உதையில் மிதி ஒரு பக்கம் போயிற்று, நாடா ஒரு பக்கம் பாய்ந்தது. பட்டு இழை அறுந்தால் பெரிய சத்தம் வராது. ஆனால் அந்தச் சின்னச் சத்தத்தில் வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

தறிக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "பரவால்ல தொரை." நான் மொழிபெயர்த்தேன். அந்தச் சிரிப்பை மொழிபெயர்க்க எனக்கு வரவில்லை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கி ஒட்ட வேண்டும். கூலி புடவைக் கணக்கு. சும்மா இருந்த பொழுதுக்குக் கூலி கிடையாது. இருட்டும்வரை அவர் இழை பிணைத்தார். தொரை அன்றைய பக்கத்தில் எழுதியது: 'மிகவும் அன்பான மக்கள்.'

பஸ் ஸ்டாப்பில் எனக்கு மனது கேட்கவில்லை. பாதி நாள் கூலி போனதைச் சொல்லிவிட்டேன். ஆயா பேசிய மீதியையும் சொன்னேன். அவர் நோட்டைத் திறக்கவில்லை. பஸ் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் கொடுத்து அனுப்புவார் என்று நினைத்தேன். அப்படித்தான் வழக்கம்.

மறுநாள் தனியாகப் போய்விட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஆயா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். சாயம் போட்டு வந்த பட்டுச் சிட்டம் ஒன்று சிக்கல் விழுந்து கிடந்ததாம். எதிரே தரையில் தொரை சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, சிட்டத்தை மாட்டிக்கொண்டிருந்தார். ஆயா இழுக்க இழுக்கக் கையைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுத்தார். அந்த நீளக் கைக்கு அப்படி ஒரு உபயோகம் இருப்பது அவருக்கே அதுவரை தெரியாது. ஆயா தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த ஆயா, "நீ இன்னாத்துக்கு வந்த?" என்றாள்.

கிளம்பும்வரை பத்து நாள் சிட்டம் பிடித்தார். அந்த நோட்டில் அதற்குப் பிறகு எழுதியதாகத் தெரியவில்லை.

1909இல் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் காரில் போன டாக்டர் ஐடா ஸ்கடரும் அயல்நாட்டுக்காரிதான். வழியில் மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே போனார். அவர் கையில் மருந்துப் பெட்டி இருந்தது. எங்கள் தொரையின் கையில் இருந்தது நோட்டு. அதைக் கீழே வைத்த பிறகுதான் கை வேலைக்கு ஆயிற்று.

ஆகவே உங்கள் ஊருக்கும் ஒரு தொரை வந்தால் ஒன்று செய்யுங்கள். கோயிலைக் காட்டுங்கள், களி போடுங்கள், கல்யாணம் ஆச்சா என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் நோட்டைத் திறக்குமுன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். தறியை மட்டும் கொடுக்காதீர்கள்.