பதிவுக் கார்டும் பாணந்துறை வானரமும்

கணினி விளையாட்டைப் பதிவுசெய்து உலகோர்க்கு ஒளிபரப்ப விழையும் கற்பிட்டிக் கரையோர வாலிபன், இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளே போதுமா, அன்றிக் கேப்ச்சர் கார்டு எனும் கருவியும் வேண்டுமா என்று விசாரத்தில் ஆழ்வது இயல்பே. மென்பொருள் அதே கணினியின் சக்தியில் பங்கு கேட்கும் என்பது மெய். ஆயினும் தற்கால கிராபிக்ஸ் கார்டுகள் காணொளியைச் சுருக்குவதற்கென்றே தனிப் பகுதியொன்றைக் கொண்டிருப்பதால் அப்பங்கு அற்பமே. கேப்ச்சர் கார்டு, பிளேஸ்டேஷன் வைத்திருப்போருக்கும் இரண்டாவது கணினி வாங்கவல்ல பாக்கியவான்களுக்கும் உபயோகமானது. ஒரே கணினியில் அதைச் செருகுபவனோ, ஒரு தோளின் சுமையை மறு தோளுக்கு மாற்றியவனாவான். மலிவான கார்டின் பெட்டியில் கொட்டை எழுத்தில் மின்னும் '4கே' என்பது பெரும்பாலும் உள்ளே புகும் படத்தின் அளவு. பதிவாவது 1080 வரிகளே.

இத்தனை சாஸ்திரோக்த ஆராய்ச்சிக்கும் ஆதாரமான மின்சாரத்தில் கணிசமான பங்கு அதே கற்பிட்டித் தீபகற்பத்தின் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் உற்பத்தியாகிறது. பாணந்துறை உபமின் நிலையத்தில் வானரமொன்று பிரவேசித்ததாக அமைச்சரே அறிவித்த 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, தேசம் முழுதும் இருண்டு, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், மறுநாளும் மின்வெட்டு நீடித்தது. அந்நேரம் யூபிஎஸ் வைத்திருந்தவனுக்கு, கணினியை முறைப்படி அணைக்கும் கௌரவம் மாத்திரம் கிட்டியிருக்கும்.