வேலையை விட்டவர்களின் ஊர்: கேள்வி – பதில்

கேள்வி (நெய்வேலியிலிருந்து): நிரந்தர வேலையை விட்டுவிட்டு மனத்துக்குப் பிடித்த துறைக்குப் போகப்போவதாக யாராவது வாய் திறந்தால் ஊரே சிரிக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரியே கிடையாதா?

பதில்: இப்படிச் சிரிக்கும் உரிமை இல்லாத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டென்றால் அவற்றுள் கடலூரும் சிதம்பரமும் முன்வரிசையில் நிற்கும், ஏனெனில் இவ்விரு ஊர்களின் பெருமையில் கணிசமான பங்கு, நல்ல பதவியில் இருந்து அதை உதறியவர்களால் வந்து சேர்ந்தது. பாண்டியனின் அமைச்சராகத் தென்னவன் பிரமராயன் என்ற பட்டத்தோடு விளங்கிய திருவாதவூரர், குதிரை வாங்கி வருமாறு அரசன் கொடுத்தனுப்பிய பொருளைத் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டதும் திருப்பணிக்குச் செலவிட்டு, பதவியையும் துறந்து, மாணிக்கவாசகராகி, இறுதியில் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், கலந்தார் என்பது புராணங்கள் சொல்லும் வரலாறு. இதில் இக்காலத்தவர் பின்பற்றத்தக்கது பதவியைத் துறந்த பகுதி மட்டுமே. அலுவலகப் பணத்தைக் கொண்டு சொந்த இலட்சியத்தைத் தொடங்குவதற்கு இன்றைய தணிக்கையாளர்கள் இடம் கொடுப்பதில்லை. கணக்குக் கேட்கும் நாளில், அவருக்கு இறைவன் செய்ததுபோல் நரிகளைப் பரிகளாக்கி நிறுத்தும் துணையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி (கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து): முதலில் வேலையை விட்டுவிட்டுப் புதிய தொழிலைக் கற்பதா, கற்றுக்கொண்டு விடுவதா?

பதில்: இதற்கு ஆறுமுக நாவலரின் வாழ்க்கையைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது. 1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த அவர், பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது அவர் மிஷன் சம்பளத்தில்தான் இருந்தார். வேலையை விட்டது 1848 செப்டம்பரில். இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது மாதம், வாரநாட்களில் கிறித்தவப் பள்ளியில் பாடமும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சைவமுமாகக் கழிந்தது. மேலதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவிய பக்கத்தொழில் என்று இதைச் சொல்ல முடியாது. கோயிலில் பேசிய பேச்சை ஊரே கேட்டது.

இதனினும் கவனிக்கத்தக்கது, அவர் மிஷனிலிருந்து எடுத்துச் சென்ற சரக்கு. வாரந்தோறும் மக்களைக் கூட்டிவைத்துப் பேசும் பிரசங்க முறை, வகுப்புக்கு ஏற்பப் படிப்படியாக அமைந்த பாடப்புத்தகம், அச்சு இயந்திரத்தின் வலிமை, வசனம் எனப்படும், யாப்புக்குக் கட்டுப்படாத தெளிந்த உரைநடை ஆகிய நான்கையும் பாதிரிமார் தம் சமயத்தைப் பரப்பக் கையாண்டனர்; அவற்றையே நாவலர் அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். வேலையை விட்ட ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிவிட்டது, மறு ஆண்டில் சென்னை சென்று அச்சு இயந்திரம் வாங்கினார், 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார், 1864இல் சிதம்பரத்தில் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். அவர் பெயர் தாங்கிய பள்ளி அவ்வூரில் இன்றும் உண்டு. விட்டுவந்த வேலையே பயிற்சிக்கூடமாகவும், அதன் சம்பளமே பயிற்சி உதவித்தொகையாகவும் அமைந்தன என்பதை நோக்கினால், இன்றைய நாற்காலியில் இன்னும் கற்க என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்திருப்பதே முறை.

கேள்வி (பண்ருட்டியிலிருந்து): வீட்டார் சம்மதிக்க மறுக்கிறார்கள். அவர்களை மீறிப் போகலாமா?

பதில்: பண்ருட்டிக்காரர் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் (பின்னாளில் அப்பர்), சமண சமயத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்று அந்நாளில் வழங்கிய இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயருடன் தலைமை நிலைக்கு உயர்ந்தவர். சூலை எனப்படும் கொடிய வயிற்றுநோய் வந்து, அங்கிருந்த மருந்தும் மந்திரமும் பலிக்காதபோது, அவர் இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய்த் தமக்கையார் திலகவதியாரின் முன் நின்றார் என்று சேக்கிழார் கூறுகிறார். அப்படிப் போய் நிற்பதற்கு அங்கே ஒரு வீடு இருந்ததன் காரணத்தைத்தான் இக்கேள்வியைக் கேட்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் இறந்தபோது உயிரை விடத் துணிந்த அவர், தம்பியின் வேண்டுகோளுக்காக உயிர் தரித்தார். அந்தத் தம்பி சமயம் மாறிப் போன பிறகும், கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துக்கொண்டு திருவதிகையில் காத்திருந்தார்.

போனவரின் புகழைப் பாடும் உலகம், அவர் திரும்பி வந்தால் கதவைத் திறப்பதற்காக வீட்டில் இருந்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. ஆகவே வீட்டாரை மீறலாமா என்பதைவிட, அவர்களுள் திலகவதியார் யார், அவர் எத்தனை மாதம் தாங்குவார், அதைப்பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாயிற்றா என்பவையே பொருத்தமான கேள்விகள். பழைய இடத்தின் கோபம் லேசில் விடாது என்பதற்கும் இவர் வரலாறே சான்று: சைவத்துக்குத் திரும்பிய அவரை, சமணர்களின் முறையீட்டால் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளச் செய்தான். அக்கல்லே தெப்பமாக அவர் கரைசேர்ந்த இடம் என்று கடலூரில் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுவர். அது திருப்பாதிரிப்புலியூரை அடுத்துள்ளது. எனவே அப்பர் கரை ஒதுங்கியது, தாம் விட்டுவந்த பழைய அலுவலகத்தின் ஏறக்குறைய வாசலிலேயே.

கேள்வி (சிப்காட்டிலிருந்து): மேலாளரைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. இது வேறு துறையின் மேல் உள்ள ஆர்வத்தின் அறிகுறியா?

பதில்: மேலாளர் விடுப்பில் இருக்கும் நாட்களிலும் அந்த ஆர்வம் தொடர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி (சிதம்பரத்திலிருந்து ஓர் அரசு ஊழியர்): வேலையை விடாமலே, வேலை கொடுத்தவரின் ஆதரவோடு விரும்பியதைச் செய்தவர் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் சிதம்பரத்திலேயே. சோழனின் அமைச்சரான குன்றத்தூர்ச் சேக்கிழார், அரசன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு அடியார் வரலாற்றை எடுத்துரைக்க, அதையே காப்பியமாகப் பாடுமாறு அரசன் வேண்டிப் பொருளும் கொடுத்துத் தில்லைக்கு அனுப்பினான் என்பது மரபு. ஆயிரங்கால் மண்டபத்தில் பாடி முடித்து, ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு விரிவுரை செய்த பின், நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, அரசனே உடன் ஏறிக் கவரி வீசினான் என்றும் சொல்வர். சம்பளத்தோடு கூடிய விடுப்பில் இதற்கு ஈடானது பின்னர் எந்த அரசாணையிலும் இடம்பெறவில்லை.

இன்றைய நிலையில் ஓர் அரசு ஊழியர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு, ராஜினாமாவுக்கும் விருப்ப ஓய்வுக்கும் இடையில் உள்ளது. தமிழ்நாடு அரசின் விதிப்படி, 50 வயதை எட்டியவரோ 20 ஆண்டு தகுதியான பணிக்காலத்தை முடித்தவரோ மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் செல்லலாம். ஓய்வுக்குரிய பயன்கள் அவரோடு வரும். ராஜினாமா செய்தவருக்கோ, ஓய்வூதியத்துக்குரிய கடந்தகாலப் பணி முழுவதும் இல்லாததாகிவிடும். பத்தொன்பதரை ஆண்டு பொறுத்தவர், இலட்சிய வேகத்தில் ராஜினாமா எழுதிக் கொடுப்பது வீரமாகத் தோன்றினாலும், ஆறு மாதம் கழித்து அதே வீரத்தை விருப்ப ஓய்வு என்ற பெயரில் காட்டுவதற்குத் தடை ஏதும் இல்லை.

கேள்வி (கடலூர் முதுநகரிலிருந்து): தனியார் கம்பெனியில் நாலரை ஆண்டு முடிந்துவிட்டது. உடனே கிளம்பலாமா?

பதில்: கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக்கு நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணிபுரிந்திருக்க வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கினால் தொகை கிடைக்கும்: மாதம் 26,000 ரூபாய் வாங்கியவருக்கு ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். நான்கு ஆண்டுடன் ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணிபுரிந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியதுண்டு. எனினும் கம்பெனி அதை ஒப்புக்கொள்ளாவிட்டால், புதிய தொழிலின் முதல் ஆண்டு வழக்கறிஞரின் வரவேற்பறையில் கழியும். ஆறு மாதக் காத்திருப்பில் ஆறிப்போகும் ஆர்வம் எதுவோ, அது எப்படியும் எட்டாம் மாதத்தில் ஆறியிருக்கும்.

கேள்வி (விருத்தாசலத்திலிருந்து): எழுத்தாளராக வேண்டுமானால் வேலையை விட்டே ஆக வேண்டுமா?

பதில்: விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார், ‘நெடுஞ்சாலை’ என்ற நாவல் அந்தப் பணிமனையையும், நிரந்தரமாகாத ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர்களின் பாட்டையும் வைத்தே எழுந்தது. பஸ்ஸின் அடியில் படுத்து வேலை செய்தவருக்குக் காதில் விழுந்த பேச்சு, மேசை முன் அமர்ந்து ஊகிப்பவருக்கு விழாது. நடுநாட்டு வட்டாரச் சொற்களை அவர் அகராதியாகவே தொகுத்ததில் வியப்பில்லை. கழுதூர் இமையமும் பள்ளி ஆசிரியர் வேலையை வைத்துக்கொண்டே நாவல்கள் எழுதி, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார்.

எதிர்ப்பக்கத்தில் மௌனி இருக்கிறார். 1907இல் பிறந்து, கணிதத்தில் பட்டம் பெற்றும் எந்த வேலைக்கும் போகாத அவர், 1940களிலிருந்து 1985இல் இறக்கும் வரை சிதம்பரத்தில் வாழ்ந்து, குடும்பத்தின் அரிசி ஆலையையும் சொத்தையும் கவனித்துக்கொண்டார். அலுவலகம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, சம்பள நாளும் இல்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் எழுதிய சிறுகதைகள் ஏறத்தாழ இருபத்துநான்கே. அவற்றின் தரத்தை வியந்து, தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று அவரைப் புதுமைப்பித்தன் சொன்னார். ஆகவே குறைவு என்பது இங்கே குற்றச்சாட்டன்று. நேரம் கிடைத்தால் எழுதிக் குவித்துவிடலாம் என்று நம்பி ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர், தட்டச்சை நிறுத்திவிட்டு இந்த எண்ணிக்கையைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

கேள்வி (அண்ணாமலைநகரிலிருந்து ஒரு மாணவர்): பிடித்த துறைக்குப் போன பிறகு அங்கே கிடைக்கும் பெரிய பதவியையும் விட நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: அப்படிச் செய்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையிலேயே இருந்தார். மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், அறிவியல் கற்று, கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பிலும் இருந்துவிட்டு, 1922இல் அனைத்தையும் துறந்து இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து விபுலானந்த அடிகளானார். 1931இல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அவர், 1933இல் அப்பதவியையும் விட்டுச் சென்றார். பழந்தமிழரின் யாழ் எவ்வாறு இருந்தது, அதன் நரம்புகள் எந்த அளவில் ஒலித்தன என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் ‘யாழ்நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். தமிழுக்காகவும் துறவுக்காகவும் அவர் கைவிட்டதாகத் தோன்றும் அறிவியல்தான், சுருதிகளின் அலைவெண்களைப் பின்னமாகப் பிரிக்கும் இடத்தில் வந்து கைகொடுத்தது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூரிலிருந்து): தோற்றுவிட்டால்?

பதில்: தோற்கவும் கூடும், இதை மறைக்கும் அறிவுரையாளர்களிடம் எச்சரிக்கை தேவை. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், தினமணியில் மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்தவர், 1943இல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் விலகியபோது உடன் விலகி, பின்னர் சினிமாவுக்குப் போனார். சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கிய கம்பெனி நிலைக்கவில்லை. காசநோய் முற்றி 1948இல், 42ஆம் வயதில் இறந்தார். அவர் கதைகள் நிலைத்தன என்று ஆறுதல் சொல்வது எளிது. அந்தக் கதைகளில் மிகப் பலவற்றை அவர் எழுதியது பத்திரிகை அலுவலகங்களில் சம்பளத்துக்கு உழைத்த ஆண்டுகளில் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

கேள்வி (புவனகிரியிலிருந்து): ராஜினாமாக் கடிதத்தில் காரணத்தை விளக்கி எழுத வேண்டுமா?

பதில்: ‘சொந்தக் காரணங்களால்’ என்பதே போதும். இலட்சியத்தை விளக்கும் இரண்டு பக்கத்தைப் பணியாளர் பிரிவில் யாரும் படிப்பதில்லை. படித்தால் இன்னும் மோசம். தேதியைத் தெளிவாக இட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி, பணி அனுபவச் சான்றிதழையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். புதிய துறையில் கடன் கேட்டுப் போகும்போது வங்கிக்காரர் முதலில் கேட்பது பழைய துறையின் காகிதங்களைத்தான்.