ஜிம்மியின் ரேஷன் கடை

எங்கள் வீட்டில் பூட்டி வைக்கப்படும் பொருட்கள் மூன்று: நகை, வீட்டுப் பத்திரம், ஜிம்மியின் பொம்மைகள். முதல் இரண்டின் சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பால்காரருக்கும் தெரியும் என்று எனக்கொரு சந்தேகம். பொம்மை அலமாரியின் சாவி மட்டும் யார் கைக்கும் எளிதில் கிடைக்காது. நாய்க்குப் பூட்டைத் திறக்கத் தெரியாதே, பிறகெதற்கு இந்தக் கெடுபிடி என்று கேட்பீர்கள். பூட்டு நாய்க்காகப் போட்டதல்ல.

ஜிம்மி அசல் நாட்டு நாய். தாய், தெருமுனை இட்லிக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர். தகப்பன் யார் என்பதில் தெருவில் பல கருத்துகள் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலிருந்த நாய்க்குப் பொம்மை என்று ஒன்று இருந்ததில்லை. தேங்காய் மட்டை இருந்தது. அதைக் கடித்துத் துப்பிவிட்டு, பழைய சோற்றைத் தின்றுவிட்டு, போஸ்ட்மேனைப் பார்த்துக் குரைப்பதோடு அதன் பொழுதுபோக்கு முடிந்தது. அந்தக் காலத்து ஞாபகத்தில்தான் அம்மா முதல் பார்சலைப் பார்த்ததும் கேட்டாள்: “நாய்க்குப் பொம்மையா? உனக்கே ஒரு நடைவண்டியோட சரி. அதுவும் உங்க பெரியப்பா மகன் ஓட்டிப் பழசானது.”

பார்சல் அனுப்புவது பெங்களூரில் வேலை பார்க்கும் மகள். பிறந்தநாளுக்கு எனக்கு வாழ்த்து வரும். ஜிம்மிக்குப் பார்சல் வரும்.

பொம்மை தேவைதான், மறுப்பதற்கில்லை. குட்டி நாய்க்கு 28 பால் பற்கள். நாலாவது மாதவாக்கில் அவை விழுந்து, 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. முளைக்கிற ஒவ்வொரு பல்லும் தன் வலிமையை எங்காவது சோதித்துப் பார்க்க வேண்டுமே. எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலியில் சோதித்தது. நாற்காலி இப்போது மூன்றே முக்கால் காலில் நிற்கிறது.

முதலில் எல்லாப் பொம்மைகளையும் கூடத்தில் கொட்டிவிட்டோம். ஒரு நாள் திருவிழா. மறுநாளிலிருந்து ஜிம்மி அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த நான் ரப்பர் வாத்தை மிதிக்க, அது கீச்சென்று கத்த, நானும் கத்த, அப்போது மட்டும் ஜிம்மி ஆர்வத்தோடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

மகள் போனில் உத்தரவு போட்டாள். “எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடாதீங்கப்பா. ரெண்டு மூணு மட்டும் வெளிய இருக்கட்டும். மீதியை உள்ள வச்சு மாத்தி மாத்திக் குடுங்க. பழசே புதுசாத் தெரியும்.” அவள் சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பழகிய பொம்மைகளோடு புதிதாக ஒன்றையும் வைத்து நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். 50 சோதனைகளில் 38இல் அவை முதலில் ஓடியது புதியதை நோக்கித்தான். இதற்கு ஆய்வு வேண்டுமா, தீபாவளிக்கு முந்தின வாரம் தி. நகருக்குப் போனால் தெரியாதா என்றாள் என் மனைவி.

இப்படியாக எங்கள் வீட்டில் ரேஷன் கடை திறக்கப்பட்டது. கைரேகைக்குப் பதில் மூக்கு ரேகை. சுவரில் ஒட்டிய விதிமுறைகளை மனைவி தயாரித்தாள். முடிச்சுக் கயிறு, பெரியவர் முன்னிலையில் மட்டும். பிரிந்த நூலை விழுங்கினால் குடலில் சிக்கி ஆபரேஷன் வரை போய்விடும். கீச்சுப் பொம்மை, கீச்சு உள்ளே இருக்கும்வரை மட்டும். வயிற்றைக் கிழித்து அந்தப் பிளாஸ்டிக் விசிலை வெளியே எடுப்பதுதான் ஜிம்மியின் வாழ்நாள் லட்சியம், எடுத்ததை விழுங்குவது அடுத்த லட்சியம். டென்னிஸ் பந்து, எறிந்து பிடிக்க மட்டும், மெல்ல அல்ல. அதன் ரோமத்தில் மண் ஏறினால் உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்த்துவிடும். பந்து எதுவானாலும் தொண்டைக்குள் போக முடியாத அளவு இருக்க வேண்டும்.

எப்போதும் தடையில்லாமல் கிடைப்பது ஒன்றே ஒன்று: உள்ளே தீனி அடைத்துக் கொடுக்கும் சிவப்பு ரப்பர் காங். இதற்குத் தனி வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்றொரு ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ளும் பிராணி. அவர் தம் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கழற்றிப் போட்ட சஸ்பென்ஷன் ரப்பர் ஒன்றை ஃபிரிட்ஸ் கவ்விக்கொண்டு விடவே மறுத்தது. அந்த ரப்பரின் வடிவம்தான் பிறகு கடைக்கு வந்தது. ஆக, நாய் தானாகத் தேர்ந்தெடுத்த உலகப் புகழ்பெற்ற பொம்மை ஒரு வண்டி உதிரி பாகம். இதை அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப நம்ம மெக்கானிக் கடையில சும்மாவே குடுப்பானே” என்றாள்.

இன்னொன்று. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும்; சிவப்பு மங்கிப்போய்ப் பழுப்பாகத் தெரியும். புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை நாய் தேடு தேடென்று தேடுவது அதனால்தான். ஆனாலும் கடையில் சிவப்புக்குக் குறைவே இல்லை. பர்ஸ் யார் கையில் இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியும்.

விதிமுறை இத்தனை திட்டவட்டமாக இருந்தும் ஜிம்மி அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. நாய் வாயில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்த முறை உறுமும் அல்லது அவசரமாக விழுங்கும், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். நல்ல யோசனை. செருப்பைக் கவ்வினால் பிஸ்கட்டைக் காட்டினோம், செருப்பு விழுந்தது. சாக்ஸுக்கும் அப்படியே. சில நாளில் ஜிம்மி வியாபாரத்தைப் புரிந்துகொண்டது. வீட்டில் எதைத் தூக்கினாலும் காசாகும்!

விலையை நிர்ணயித்தது எங்கள் அலறல். பழைய பேப்பருக்கு யாரும் அலறுவதில்லை, அதை அது தொடுவதே இல்லை. டிவி ரிமோட்டுக்கு ஒரு முழு பிஸ்கட். அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கு அவித்த கோழித் துண்டு. சரக்கில் பல் தடம்கூடப் படாது. சேதமான பொருளுக்கு விலை குறையும் என்று அதற்குத் தெரியும்போல. கவ்விக்கொண்டு வந்து, எல்லார் பார்வையிலும் படும்படி டிவிக்கு முன்னால் நிற்கும். கவனிக்காவிட்டால் லேசாகச் செருமும்.

கடைசியில் யாரும் அலறக் கூடாது, ஓடக் கூடாது என்று வீட்டுக்குள் சட்டம் போட்டோம். ரிமோட் உயரமான தட்டுக்குப் போனது, செருப்புகள் ஸ்டாண்டுக்குப் போயின. பொம்மையைக் கொடுத்து வாங்கும்போது மட்டும் பிஸ்கட். கொள்ளைக்குக் கிராக்கி குறைந்தது.

ஆனால் கணக்கு மட்டும் இடித்தது. உள்ளே இருக்க வேண்டிய வாத்து வெளியே கிடக்கும். அடுத்த வாரத்துக்குரிய யானை சோஃபாவுக்கு அடியில் தும்பிக்கை இல்லாமல் கிடக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டர் போடலாம் என்றேன். இதற்கு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவில் சேசர் என்றொரு பார்டர் காலி நாய் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொண்டது. பழக்கியவர் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் ஒவ்வொரு பொம்மையிலும் அதன் பெயரை மார்க்கரால் எழுதி வைத்திருந்தது. நாய்க்கு நினைவிருந்தது, பேராசிரியருக்குத்தான் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் கோளாறு அந்தப் பக்கம்தான் என்று அப்போதே எனக்குப் பட்டது.

விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. சீரியல் நேரத்தில் தொந்தரவு வேண்டாமென்று மனைவி ஒரு பந்தை உருட்டிவிடுகிறாள். ஆபீசிலிருந்து வந்ததும் களைப்பாற நான் கயிற்றை எடுக்கிறேன். மகள் லீவில் வந்தால் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். மதியத்தில் யார் என்பதுதான் புரியவில்லை. ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். நாய்க்குப் பொம்மையா என்று கேட்ட அம்மா, கட்டிலில் உட்கார்ந்து கீச்சு வாத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஜிம்மி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தபடி.

“அலமாரியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குடா. வாய் இருந்தாக் கேக்காதா? பாவம்.”

நாலு பேரும் ஆளுக்கொரு பொம்மைதான் எடுத்திருந்தோம். ஒன்றால் என்ன ஆகிவிடும் என்றுதான் நாலு பேரும் நினைத்திருந்தோம். கடத்தலே அப்படித்தான் நடக்கிறது.

அலமாரியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடமே கொடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். பதவி வந்ததும் அம்மாவின் பாவபுண்ணியம் மறைந்துவிட்டது. சாவி முந்தானையில் ஏறியது. இப்போது ஜிம்மி உட்கார்ந்து, முன்னங்காலைக் கொடுத்து, அம்மா பூஜை முடித்து வரும்வரை அசையாமல் காத்திருந்தால்தான் அலமாரி திறக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது பொம்மைகள் எண்ணி உள்ளே போகின்றன. கூடம் சுத்தமாக இருக்கிறது. ஜிம்மிக்கும் இதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

போன வாரம் ஒரு நாள் நல்ல மழை. வெளியே நடக்கப் போக வழியில்லை. மெதுவாக அம்மாவிடம் போய், “அந்த மஞ்சப் பந்தை எடுத்துக் குடும்மா” என்றேன்.

“யாருக்கு?”

“ஜிம்மிக்குத்தான்.”

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூடத்தைப் பார்த்தாள். ஜிம்மி நாலு காலையும் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“அது எந்திரிச்சு வந்து கேக்கட்டும். நீ போய்க் காப்பியைக் குடி.”