ஏழு குழிக்குள்ளே ஒரு பிறந்தநாள்

தாயி, உன் மகனுக்கு மூணு வயசு முடியுதுன்னு போன் போட்ட. சந்தோசம். அதோட நிறுத்தியிருக்கலாம். விருந்துக்கு என்னென்னன்னு ஒரு பட்டியல் வாசிச்ச பாரு, நான் விரலை மடக்கிக்கிட்டே வந்தேன். என் ரெண்டு கையும் தீர்ந்துபோய், திண்ணையில பக்கத்துல உக்காந்திருந்தவன் கையையும் கடன் வாங்கினேன். பதினாலு. உன் கல்யாணத்துக்கு இலையில நான் வச்சதே பதினொண்ணுதான். அதுக்கே உன் மாமனார் வீட்டுச் சனம் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கிட்டுத்தான் எந்திரிச்சது.

நூடுல்ஸு, கோபி சிக்ஸ்டி ஃபைவ், பாஸ்தா, காளான் பிரியாணி, பனீர்ல என்னமோ ஒண்ணு, புகை வர்ற பிஸ்கட்டு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கேக்கும்போதே எனக்கு ஏப்பம் வந்துச்சு. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டேன்: "இதுல உன் மகன் எதைத் தின்பான்?" நீ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவன் தயிர்சாதம்தான் தாத்தா கேப்பான்"ன்ன. பட்டியல்ல தயிர்சாதம் இல்ல. பிறந்தநாள் யாருக்குன்னு நான் கேக்கலம்மா. கேட்டா உன் வீட்டுக்காரருக்குக் கோவம் வரும், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எனக்குப் பொடிமட்டை வாங்கிட்டு வர மாட்டாரு.

போன வருசம் நடந்ததை நான் மறக்கல. நீ மறந்திருப்ப, உங்கிட்ட வீடியோ இருக்கு. அழுகையெல்லாம் வெட்டிட்டு வீடியோக்காரன் பாட்டுப் போட்டுக் குடுத்திருப்பான். ஆறு மணிக்கு வாங்கன்னு அழைப்பு. மாப்பிள்ளையோட ஆபீஸ் மேலதிகாரி வந்தபிறகுதான் கேக் வெட்டணும்னு, எட்டே முக்கால் வரைக்கும் தொண்ணூறு பேரும் அந்தக் கேக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பிறந்தநாள்காரன் ஏழரைக்கே என் தோள்ல படுத்துத் தூங்கிட்டான். தூங்குற பிள்ளையை எழுப்பி, கையில கத்தியைக் குடுத்து, அதுக்கு மேல உங்க ரெண்டு பேர் கையையும் வச்சு... அந்த நேரம் பாத்து உச்சியில கட்டியிருந்த பெரிய பலூனை ஒருத்தன் டப்புன்னு குத்தி உடைச்சான். உள்ள இருந்த தெர்மாகோல் உருண்டையும் ஜிகினாவும் பொலபொலன்னு கேக்கு மேல, நூடுல்ஸு மேல, மேலதிகாரி வழுக்கை மேல. பயல் வீறிட்ட வீறல்ல மண்டபத்து ஆள் கரண்டு போயிருச்சோன்னு ஓடி வந்தான்.

பிளேட்டுக்கு 450ன்னு 90 பிளேட். 40,500 ரூபா. அதுல பிள்ளை தின்னது என்ன தெரியுமா? பாதி அப்பளமும் என் துண்டோட முனையும். அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடிச்சிருந்தா அது பிள்ளைக்குப் பாலாவது குடுத்திருக்கும்.

சரி, பழசு போகட்டும். இந்த வருசம் வீட்டுலயே, உங்க மாடிக்குடியிருப்புப் பிள்ளைகள், உன் மகனையும் சேத்துப் பன்னெண்டு பேர் மட்டும்னு சொன்னியே, அந்தப் புத்தி எங்க இருந்து வந்துச்சோ, அதுக்கு ஒரு தேங்கா உடைக்கிறேன். ஆனா பிள்ளைகளைக் கொறைச்சிட்டுப் பண்டத்தைக் கொறைக்கலையே.

மூணு வயசுப் பிள்ளை சாப்பிடுறதை என்னிக்காவது உக்காந்து பாத்திருக்கியா? ஊட்டுறதைச் சொல்லல, பாக்குறதைச் சொல்றேன். முதல்ல ஒரு விரலால தொடும். அப்புறம் அமுக்கும். அமுங்குச்சுன்னா எடுக்கும். பாதியைக் கடிச்சு, மீதியை வெளிய எடுத்து, கடிச்ச இடத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கும். பக்கத்துப் பிள்ளை வாயில அதைத் திணிக்கும். அது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, மறுபடி தன் வாய்க்குள்ளயே போட்டுக்கும். இந்த விளையாட்டுல வயித்துக்குள்ள போறதுதான் சாப்பாடு. இதுக்குக் கரண்டி, முள்ளு, கிண்ணம், சாஸு எல்லாம் எதுக்கு? ஒழுகக் கூடாது, உதிரக் கூடாது, உறைக்கக் கூடாது, ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கணும். அவ்வளவுதான். இந்தக் கணக்குல உன் பட்டியலை அடிச்சுப் பாரு, ஐஸ்கிரீம்கூட நிக்காது.

இன்னொண்ணு, மூணு வயசுப் பயலுக்குப் பால்பல்லு இருபது. எனக்கு மிச்சம் பதினொண்ணு. மெத்துன்னு இருக்கிற பண்டம் வேணும்னு நான் சொல்றது பிள்ளைக்காகத்தான், நம்பு.

டீக்கடையில பேப்பரை முதல் ஆளா விரிக்கிறவன் நான், அதனால மூணு சேதி சொல்லி வைக்கிறேன். ரோஸ் கலர்ல பஞ்சுமிட்டாய் வைக்கலாமான்னு கேட்டியே, துணிக்குப் போடுற ரோடமைன்-பிங்கிற சாயத்தை அதுல கலக்குறாங்கன்னு 2024 பிப்ரவரியில நம்ம கவர்மெண்டே அதுக்குத் தடை போட்டுச்சு. புகை பிஸ்கட்டு பத்தின சேதி அதே வருசம் ஏப்ரல்ல வந்துச்சு. புகை வர்றதுக்கு ஊத்துறது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரியாம். அது முழுசா ஆவியாப் போகாம வாயில போட்டா நாக்கும் தொண்டையும் குளிர்லயே வெந்துபோகும்னு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டுச்சு. வாயில புகை வரணும்னா எங்க ஊர்ல அதுக்குப் பீடி இருக்கு. சாண்ட்விச்சுல தடவுற மயோனைஸும் சும்மா இல்ல. பச்சை முட்டையில செய்யிறதுக்கு 2025 ஏப்ரல்ல ஒரு வருசத் தடை வந்துச்சு. நீ வைக்கப்போறதையெல்லாம் உனக்கு முன்னாலயே ஒருத்தன் பாத்துப் பாத்துத் தடை பண்ணிக்கிட்டே வர்றான் தாயி.

இதுல எனக்கே மனசு கேக்காத ஒரு விசயம் இருக்கு. எங்க கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம். அந்தச் சேதி வந்த அன்னிக்கு நானே பாகு காய்ச்சினவன் மாதிரி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுத் தெருத்தெருவா நடந்தேன். ஆனாலும் சொல்றேன், அதைச் சின்னப் பிள்ளைக கையில குடுத்துராத. முழுக்கடலை மூச்சுக்குழாய்ல போய் அடைச்சிக்கும். ஓடிக்கிட்டே திங்கிற வயசு, சிரிச்சுக்கிட்டே முழுங்குற வயசு. அஞ்சு வயசு தாண்டட்டும். பொரிஞ்ச சோளமும் அப்படித்தான். திராட்சை வைக்கிறதா இருந்தா முழுசா வைக்காம நீளவாக்குல நாலாக் கீறி வை. உறிஞ்சிக் குடிக்கிற கப்பு ஜெல்லி வேண்டவே வேண்டாம். அழைக்கும்போதே ஒவ்வொரு தாய்கிட்டயும், "உன் பிள்ளைக்கு எது ஆகாது?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்க. பாலு, முட்டை, கடலைன்னு ஒண்ணொண்ணுக்கு ஒண்ணொண்ணு சேராது. கடலைமிட்டாயைப் பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற அப்பன்மாருக்குக் குடுத்துரு. அதைக் கடிக்கிற சத்தத்துல அவங்க வாய் அடங்கி இருக்கும்.

கேக்கை நான் ஒண்ணும் சொல்லல. அதைத் தொட்டா வீட்டுக்குள்ள விடமாட்ட. வாங்கு, ஒரு கிலோ போதும். மேல டைனோசர் நிக்க வேண்டாம், திங்க முடியாத பொம்மைக்காகப் பன்னெண்டு பிள்ளை அடிச்சுக்கும். ஆனா ஒரு தந்திரம் வச்சுக்க. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை முதல்ல குடு, கேக்கை அப்புறம் வெட்டு. இனிப்புத் தின்ன வாய் இட்லியை எட்டியும் பாக்காது. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாப்பாடு, ஆறுக்குக் கேக்கு, ஏழுக்கெல்லாம் அவங்கவங்க பிள்ளை அவங்கவங்க வீட்டுல. மேலதிகாரி வர்ற நேரத்துக்கு வரட்டும். மூணு வயசுக்காரன் ஆபீஸ்ல அவருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உனக்குச் சீரோட சீரா ஒரு பணியாரச் சட்டி குடுத்தோமே, ஏழு குழி, இரும்பு, உன் ஆச்சி வச்சிருந்தது. போன தடவை வந்தப்ப அலமாரியில கண்டேன். ஒரு குழியில கம்மலு, ஒரு குழியில சேப்டி பின்னு, ஒண்ணுல ஹேர்கிளிப்பு. உன் ஆச்சி மேல இருந்து பாத்திருந்தா, சட்டியாவது பீரோவுக்குப் போயிச்சேன்னு சிரிச்சிருப்பா.

அதை இறக்கு. துரு இருந்தா தேய்ச்சுக் கழுவி, ரெண்டு நாள் சோறு வடிச்ச கஞ்சியை ஊத்தி வை. மூணாம் நாள் கழுவித் துடைச்சு, நல்லெண்ணெய் தடவி அடுப்புல காய விடு. பழைய சட்டி, சொன்ன பேச்சுக் கேக்கும். மாவுக்குத் தனியா மெனக்கெட வேண்டாம், முந்தின நாள் இட்லி மாவு கொஞ்சம் புளிச்சது போதும். அதுல பாதிக்குச் சின்ன வெங்காயத்தைப் பொடியா நறுக்கி வதக்கிப் போடு, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை. பச்சை மிளகாய் வேண்டாம். இன்னொரு பாதியை மாவு புளிக்கிறதுக்கு முன்னாலயே தனியா எடுத்து வச்சு, அதுல கருப்பட்டிப் பாகை ஊத்திக் கலக்கு. கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டாம ஊத்திராத, அடியில மண்ணு நிக்கும். வாழைப்பழம் ஒண்ணு பிசைஞ்சு விட்டா பஞ்சு மாதிரி வரும். இனிப்பு மாவு சீக்கிரம் கருகும், அதனால தீயைக் குறைச்சு வை. ஓரம் சிவந்து குழியை விட்டு விலகி நிக்கும்போது குச்சியால ஒரு நெம்பு நெம்பினா தானா புரளும். புரளலேன்னா வேகலன்னு அர்த்தம், அதோட மல்லுக்கட்டாத.

கணக்கும் போட்டு வச்சிருக்கேன். பன்னெண்டு பிள்ளை, ஆளுக்கு நாலு, 48. ஏழு குழியில ஏழு ஈடு ஊத்தினா 49. நாலு ஈடு உப்பு, மூணு ஈடு இனிப்பு. ஈட்டுக்கு அஞ்சு நிமிசம்னு வச்சாலும் முக்கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும், நீ புடவை மாத்த நேரம் இருக்கும். 49ல ஒண்ணு மிஞ்சுதேன்னு நீ யோசிக்க வேண்டாம், அதை நான் யோசிச்சிட்டேன்.

கூட ஒரு குண்டான் தயிர்சாதம். சோறு சூடா இருக்கும்போதே குழைய மசிச்சு, பாலை நிறைய ஊத்தி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டு வை. சாயங்காலத்துக்கு அளவாத் தோய்ஞ்சிருக்கும், புளிக்காது. கேரட்டைத் துருவிப் போடு. மாதுளை முத்து நாலு தூவினா படம் பிடிக்கவும் நல்லா இருக்கும். தாளிப்புல வத்தல் விழாம பாத்துக்க. பெரியவங்களுக்கும் அதே தயிர்சாதம், ஒரு மாங்காய் ஊறுகாய். மாப்பிள்ளைக்கு மனசு ஆறலேன்னா ஒரு தட்டு கோபி சிக்ஸ்டி ஃபைவ் வாங்கி அவர் பக்கத்துல வச்சிரு.

"பணியாரமா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"ன்னு உன் மாமியார் கேப்பாங்க. கேக்கணும், அதுக்குத்தான் மாமியார். நீ எதிர்த்துப் பேசாத. ஒரு அட்டையில "மினி ரைஸ் பஃப்ஸ்"ன்னு எழுதி முன்னால நிறுத்திரு. கருப்பட்டியில செஞ்சதுக்கு "டார்க் கேரமல்"னு இன்னொரு அட்டை. வர்றவங்க எந்தக் கடையில வாங்கினதுன்னு கேப்பாங்க. அப்ப உன் மாமியாரே முன்னால வந்து, எங்க வீட்டுப் பக்குவம்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். சட்டி நம்ம வீட்டுது.

வெள்ளிக்கிழமை காலையில கோவில்பட்டியில மதுரை பஸ் ஏறுறேன். உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோவும் செக்குல ஆட்டின நல்லெண்ணெய் ஒரு லிட்டரும் மஞ்சப்பையில இருக்கு. நான் வந்து சேர்றதுக்குள்ள அந்தக் கம்மலை எடுத்து வேற எங்கயாவது வச்சிரு.